பிரிட்டன் ஸ்பவுஸ் விசா நீட்டிப்பு: எந்த ஆவணங்கள், எந்த ஆங்கிலத் தேர்வு, எப்போது தொடங்குவது?

கல்யாணம் முடிந்து, கணவரோடோ மனைவியோடோ சேர்ந்து வாழ பிரிட்டனுக்குப் போகிறவர்களுக்கு முதலில் கிடைக்கும் ஸ்பவுஸ் விசா 33 மாதங்களுக்குத்தான் செல்லும். பிரிட்டனுக்குள் இருந்தபடியே வேறு விசாவிலிருந்து இதற்கு மாறியவர்களுக்கு 30 மாதங்கள். அது முடிவதற்குள் நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். நீட்டிப்பு கிடைத்தால் இன்னும் 30 மாதங்கள். இப்படி 5 ஆண்டுகள் பூர்த்தியான பிறகே நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம்.

முதல் விசாவை வாங்க ஊரில் அலைந்த அலைச்சலை யாரும் மறப்பதில்லை. ஆனால் நீட்டிப்பு என்று வரும்போது, "அதான் இங்கயே இருக்கோமே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். கடைசி மாதத்தில்தான் சிக்கல் தெரியவரும். வீட்டு வாடகை ஒப்பந்தம், கரன்ட் பில், கவுன்சில் டாக்ஸ் எல்லாமே ஒருவர் பெயரில் இருக்கும். ஊரிலிருந்து வந்தவர் அந்த வீட்டில் இருந்தார் என்பதற்கு ஒரு கடிதம்கூட இருக்காது.

கடைசி நேரத்தில் கட்டணம் கட்டலாம், தேர்வு எழுதலாம், படிவம் நிரப்பலாம். கடந்த இரண்டு ஆண்டு தேதி போட்ட கடிதத்தை மட்டும் புதிதாக உருவாக்க முடியாது. அதனால் நீட்டிப்புக்கான வேலையை பிரிட்டனில் இறங்கிய முதல் மாதத்திலேயே தொடங்குவது நல்லது.

நீட்டிப்பில் என்னதான் பார்க்கிறார்கள்?

பிரிட்டன் உள்துறை முக்கியமாக நான்கு விஷயங்களைப் பார்க்கிறது.

1. தம்பதி இப்போதும் சேர்ந்து வாழ்கிறார்களா?
2. குடும்ப வருமானம் விதிப்படி இருக்கிறதா?
3. தங்குவதற்குப் போதுமான வீடு இருக்கிறதா?
4. விண்ணப்பிப்பவரின் ஆங்கிலம் ஏ2 மட்டத்துக்கு உயர்ந்திருக்கிறதா?

முதல் விசாவின்போது "இந்தக் கல்யாணம் உண்மையா?" என்பது பெரிய கேள்வி. கல்யாண ஆல்பம், வாட்ஸ்அப் உரையாடல், விமான டிக்கெட் என்று அடுக்கியிருப்பீர்கள். இப்போது கேள்வி மாறிவிட்டது. "வந்த பிறகு ஒன்றாக வாழ்ந்தீர்களா?" என்பதற்குப் பதில் வேண்டும். அந்தப் பதிலை ஆல்பம் தராது. தபாலில் வந்த சாதாரணக் கடிதங்கள்தான் தரும்.

சேர்ந்து வாழ்ந்ததை எப்படிக் காட்டுவது?

வழக்கமாகக் கேட்கப்படுவது இதுதான்: ஒரே முகவரிக்கு, இருவர் பெயரிலும் வந்த 6 கடிதங்கள். குறைந்தது மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து வந்திருக்க வேண்டும். கடந்த 2 ஆண்டு காலத்துக்கும் பரவலாக இருக்க வேண்டும். இருவர் பெயரும் சேர்ந்த கடிதங்கள் போதாவிட்டால், தனித்தனிப் பெயரில் அதே முகவரிக்கு வந்தவற்றைக் கொடுக்கலாம். அப்போது ஆளுக்கு ஆறு என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

கவுன்சில் டாக்ஸ், கேஸ், கரன்ட், தண்ணீர் பில், பேங்க் ஸ்டேட்மென்ட், வாடகை ஒப்பந்தம் அல்லது வீட்டுக் கடன் கணக்கு, டாக்டரிடமிருந்தோ மருத்துவமனையிலிருந்தோ வரும் கடிதம், வருமான வரித் துறைக் கடிதம் ஆகியவை பொதுவாக எடுபடும். ஒரே வங்கியின் ஆறு ஸ்டேட்மென்ட்டை வைத்தால் அது ஒரே இடத்திலிருந்து வந்ததாகத்தான் கணக்கு.

"பரவலாக" என்ற சொல்லைக் கவனியுங்கள். கடைசி இரண்டு மாதத்தில் வந்த ஆறு கடிதம் என்றால், அந்த இரண்டு மாதத்துக்குத்தான் அது ஆதாரம். நான்கைந்து மாதத்துக்கு ஒன்று என்ற கணக்கில் இருந்தால் முழு காலத்தையும் காட்டும்.

இன்று பெரும்பாலான பில் எல்லாம் ஆப்பில்தான் வருகிறது. கம்பெனியை மாற்றினாலோ கணக்கை மூடினாலோ பழைய பில் கைக்கு வராமல் போகலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிடிஎஃப் ஆக இறக்கி, தேதி போட்டு ஒரு ஃபோல்டரில் சேமித்து வையுங்கள். வீடு மாறும்போது இது இன்னும் முக்கியம்.

புதிதாக வந்தவர் பெயரில் எதுவுமே இல்லையா?

தமிழ்க் குடும்பங்களில் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஒருவர் ஏற்கெனவே அங்கே வேலை பார்த்துக்கொண்டு, வீடும் எடுத்து வைத்திருப்பார். இன்னொருவர் வந்து சேருவார். வீட்டுக் கணக்கு வழக்கெல்லாம் பழையபடியே ஒரே பெயரில் ஓடும். உறவினர் வீட்டு மாடியறையில் தங்கும் தம்பதிகளுக்கோ இருவர் பெயரிலுமே பில் இருக்காது.

சரிசெய்வது பெரிய வேலை இல்லை. வந்த முதல் மாதத்திலேயே வீட்டுக்குப் பக்கத்து ஜிபி கிளினிக்கில் பதிவு செய்யுங்கள். கவுன்சில் டாக்ஸ் கணக்கில் இரண்டாவது பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். வீட்டு உரிமையாளரிடம் பேசி, வாடகை ஒப்பந்தத்தில் பெயர் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். வந்தவர் பெயரில் தனியாக ஒரு பேங்க் கணக்கும், முடிந்தால் கூட்டுக் கணக்கு ஒன்றும் தொடங்குங்கள். உறவினர் வீட்டில் இருந்தால், அங்கே தங்க அனுமதித்திருப்பதாக வீட்டுக்காரரிடம் ஒரு கடிதமும், வீடு அவருடையது என்பதற்கான ஆதாரமும் வாங்கி வைக்கலாம்.

பெயர் விஷயத்திலும் ஒரு கண் வேண்டும். நம்மிடம் இருப்பது இனிஷியல். பிரிட்டன் படிவம் கேட்பதோ முதல் பெயர், குடும்பப் பெயர். ஒரு இடத்தில் அப்பா பெயர் குடும்பப் பெயராகும், இன்னொரு இடத்தில் கணவர் பெயர், மூன்றாவது இடத்தில் வெறும் இனிஷியல். ஒரே ஆள் மூன்று பேர் மாதிரி ஆகிவிடுவார். பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே எல்லா இடத்திலும் கொடுப்பது என்று முதலிலேயே முடிவெடுத்துவிடுங்கள்.

வருமானம் எவ்வளவு காட்ட வேண்டும்?

2024 ஏப்ரல் 11 முதல் ஸ்பவுஸ் விசாவுக்கான குறைந்தபட்ச வருமானம் ஆண்டுக்கு 29,000 பவுண்ட். அந்தத் தேதிக்கு முன்பே இந்த வழியில் விண்ணப்பித்து விசா பெற்று, அதே துணையுடன் நீட்டிப்பவர்களுக்குப் பழைய கணக்கான 18,600 பவுண்ட் பொருந்தும். பழைய கணக்கில் வருபவர்கள், விண்ணப்பத்தில் பிள்ளைகள் இருந்தால் முதல் பிள்ளைக்கு 3,800 பவுண்ட், அடுத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் 2,400 பவுண்ட் கூடுதலாகக் காட்ட வேண்டியிருக்கும். ஆனாலும் மொத்தம் 29,000 பவுண்டைத் தாண்டாது. ஆகவே உங்கள் முதல் விண்ணப்பத் தேதியை முதலில் பாருங்கள்.

முதல் விசாவுக்கு பெரும்பாலும் பிரிட்டனில் இருந்தவரின் சம்பளத்தை மட்டும்தான் காட்டியிருப்பீர்கள். நீட்டிப்பில், ஸ்பவுஸ் விசாவில் வந்தவர் அங்கே சட்டப்படி வேலை பார்த்தால் அவருடைய சம்பளத்தையும் சேர்த்துக் காட்டலாம். பல குடும்பங்களுக்கு இது பெரிய நிம்மதி.

ஒரே நிறுவனத்தில் 6 மாதமோ அதற்கு மேலோ வேலை பார்ப்பவர்கள், 6 மாத பேஸ்லிப், சம்பளம் வரவான அதே 6 மாத பேங்க் ஸ்டேட்மென்ட், நிறுவனத்தின் கடிதம் ஆகியவற்றைத் தர வேண்டும். வேலை, ஆண்டுச் சம்பளம், எப்போதிலிருந்து வேலை, இந்தச் சம்பளம் எப்போதிலிருந்து, நிரந்தரமா ஒப்பந்தமா என்ற விவரமெல்லாம் கடிதத்தில் வர வேண்டும். பேஸ்லிப் தொகையும் வங்கியில் வரவான தொகையும் பொருந்த வேண்டும். சம்பளத்தில் பாதியைக் கையில் ரொக்கமாக வாங்குபவர்களுக்கு இங்கேதான் இடிக்கும். வங்கியில் தெரியாத பணத்தை வைத்து வாதாட முடியாது.

6 மாதம் முடிவதற்குள் வேலை மாறினால் கணக்கு வேறு. கடந்த 12 மாத வருமானத்தையும் காட்ட வேண்டி வரும். நீட்டிப்பு நெருங்கும் நேரத்தில் வேலை மாற நினைப்பவர்கள், "இன்னும் ரெண்டு மாசம் பொறுத்தா என்ன?" என்று யோசித்துப் பார்ப்பது நல்லது. சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு, முடிந்த முழு நிதியாண்டின் வரிக் கணக்குதான் அடிப்படை.

சேமிப்பையும் காட்டலாம். வருமானமே காட்டாமல் சேமிப்பை மட்டும் நம்பினால், 29,000 கணக்கில் வருபவர்களுக்கு 88,500 பவுண்ட் தேவை. அந்தப் பணம் 6 மாதமாகக் கையில் இருந்திருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் வாரத்தில் ஊரிலிருந்து அனுப்பி வைக்கும் பணம் இதற்கு உதவாது.

தேதியையும் மறக்க வேண்டாம். நிதி ஆவணங்களில் கடைசியானது, விண்ணப்ப நாளுக்கு முந்தைய 28 நாட்களுக்குள் தேதியிட்டதாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் சீக்கிரமே தயார் செய்துவிட்டு, கட்டணம் கட்டத் தாமதித்தால் ஆவணம் பழையதாகிவிடும்.

ஆங்கிலத் தேர்வு: எது செல்லும், எது செல்லாது?

ஊரிலிருந்து வரும்போது ஏ1. நீட்டிப்புக்கு ஏ2. நிரந்தர அனுமதிக்கு பி1, அதோடு 'லைஃப் இன் தி யூகே' தேர்வு. இதுதான் படிக்கட்டு. நீட்டிப்புக்குப் பேசுவதும் கேட்டுப் புரிந்துகொள்வதும் போதும். எழுத்துத் தேர்வு இல்லை. ஏ2-க்கு மேல் மட்டத்தில் தேர்ச்சி பெற்றிருந்தால் அதுவும் செல்லும்.

பிரிட்டனுக்குள் இந்தத் தேர்வை நடத்த அனுமதி பெற்றவை டிரினிட்டி காலேஜ் லண்டன், ஐஇஎல்டிஎஸ் செல்ட் கூட்டமைப்பு, லாங்குவேஜ்செர்ட், பியர்சன் ஆகியவை. 'செல்ட்' என்ற சொல்தான் முக்கியம். பாதுகாப்பான ஆங்கிலத் தேர்வு என்று உள்துறை ஏற்றுக்கொண்ட தேர்வுகளுக்கு மட்டுமே அந்தப் பெயர். ஒரே நிறுவனம், கிட்டத்தட்ட ஒரே பெயரில், விசாவுக்குச் செல்லாத சாதாரணத் தேர்வையும் நடத்தும். "ஐஇஎல்டிஎஸ் எழுதியிருக்கேனே!" என்று சொல்வது மட்டும் போதாது. எந்த ஐஇஎல்டிஎஸ், எந்த மையத்தில் எழுதியது என்று பார்ப்பார்கள். அரசு இணையதளத்தில் உள்ள பட்டியலைப் பார்த்து, அங்கிருந்தே தேர்வுக்குப் பதிவு செய்வதுதான் பாதுகாப்பு.

டிரினிட்டியில் ஏ2 என்பது 'ஜீஸ் கிரேடு 3'. தேர்வாளரோடு நேருக்கு நேர், 7 நிமிடப் பேச்சு. வேலை, வீட்டில் அன்றாடம் நடப்பது, பக்கத்தில் உள்ள இடங்கள், வானிலை, ஓய்வு நேரம், தேதி, நேரம் போன்றவற்றைச் சுற்றியே கேள்வி வரும். 'ஐஇஎல்டிஎஸ் லைஃப் ஸ்கில்ஸ் ஏ2'வில் இன்னொரு தேர்வரும் கூட இருப்பார். அவரோடும் பேச வேண்டும்.

இலக்கணத்தைவிட அமைதியாக இருந்துவிடுவதுதான் பெரிய ஆபத்து. கேள்விக்கு "யெஸ்", "நோ" என்று நிறுத்திக்கொண்டால், உங்களால் பேச முடியும் என்று தேர்வாளருக்கு எப்படித் தெரியும்? "வார இறுதியில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் "சமைப்பேன்" என்பதோடு நிற்காமல், என்ன சமைப்பேன், யாரோடு கடைக்குப் போவேன், அந்தக் கடை எங்கே இருக்கிறது என்று இரண்டு மூன்று வாக்கியம் சொல்லிப் பழகுங்கள். கேள்வி புரியாவிட்டால் இன்னொரு முறை சொல்லச் சொல்லி ஆங்கிலத்திலேயே கேட்கலாம். வீட்டில் தினமும் பத்து நிமிடம் இப்படிப் பேசிப் பார்த்தாலே கூச்சம் போய்விடும்.

தேர்ச்சி பெறாவிட்டால் மறுபடி எழுதலாம். மறுபடி பணம் கட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதற்கு நாள் வேண்டும். விசா முடிவதற்கு 3 மாதம் முன்பே முதல் முயற்சியை வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் 2 ஆண்டுகள்தான் செல்லும் என்பதால் ரொம்பவும் முன்னாடியே எழுதிவிடவும் வேண்டாம். தேர்வுக்குப் பதிவு செய்யும்போது கொடுத்த அதே அடையாள ஆவணத்தைத்தான் அன்று எடுத்துப்போக வேண்டும்.

இங்கிலீஷ் மீடியத்தில் பட்டம் படித்தவர்களும் எழுத வேண்டுமா?

வேண்டாம், ஆனால் அதை நிரூபிக்க வேண்டும். இந்தியாவும் இலங்கையும் ஆங்கிலம் பேசும் நாடுகள் என்ற உள்துறைப் பட்டியலில் இல்லை. அதனால் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ ஆங்கில வழியில் பெற்ற பட்டத்துக்கு, 'எக்டிஸ்' அமைப்பின் சான்று வாங்க வேண்டும். அந்தப் பட்டம் பிரிட்டன் பட்டத்துக்கு இணையானது, ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டது என்று அது உறுதி செய்யும். பயிற்றுமொழி ஆங்கிலம் என்று பல்கலைக்கழகக் கடிதம் தேவைப்படலாம். கான்வகேஷனுக்குப் பிறகு எட்டிப் பார்க்காத பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வாங்க நாளாகும் என்பதால் இதையும் முன்கூட்டியே தொடங்குங்கள். பிரிட்டனிலேயே பட்டம் பெற்றவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. 65 வயதைக் கடந்தவர்களுக்கும், தேர்வு எழுத முடியாத உடல், மன நலக் குறைபாடு உள்ளவர்களுக்கும் விலக்கு உண்டு.

எவ்வளவு செலவாகும்?

2025 ஏப்ரல் நிலவரப்படி, பிரிட்டனுக்குள்ளிருந்து நீட்டிக்க விண்ணப்பக் கட்டணம் 1,321 பவுண்ட். மருத்துவச் சேவைக்கான கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 1,035 பவுண்ட் வீதம் இரண்டரை ஆண்டுக்கு 2,587.50 பவுண்ட். இரண்டும் சேர்ந்து 3,908.50 பவுண்ட். ஆங்கிலத் தேர்வுக் கட்டணம் தனி. கட்டணம் அவ்வப்போது, பெரும்பாலும் ஏப்ரலில், மாறுவதால் கட்டும் முன் அரசு இணையதளத்தில் ஒருமுறை சரிபாருங்கள். மாதத்துக்கு 120 பவுண்ட் ஒதுக்கி வைத்தால் 33 மாதத்தில் 3,960 பவுண்ட் சேர்ந்துவிடும். உண்மையிலேயே கட்ட முடியாத நிலையில் இருப்பவர்கள் கட்டண விலக்கு கேட்டு விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது.

எப்போது விண்ணப்பிக்கலாம்?

விசா முடிவதற்கு முந்தைய 28 நாட்கள்தான் சரியான நேரம். ரொம்ப முன்கூட்டியே விண்ணப்பித்தால் வேறு நஷ்டம். 27-வது மாதத்திலேயே நீட்டிப்பு கிடைத்துவிட்டால், அதோடு 30 மாதம் சேர்த்து 57 மாதம்தான் வரும். நிரந்தர அனுமதிக்கு 60 மாதம் வேண்டும். அந்த மூன்று மாதத்துக்காக இன்னொரு நீட்டிப்பு, இன்னொரு கட்டணம்.

விசா காலாவதியாவதற்குள் விண்ணப்பித்துவிட்டால், முடிவு தாமதமானாலும் பயமில்லை. 1971-ம் ஆண்டு குடியேற்றச் சட்டத்தின் 3சி பிரிவுப்படி பழைய அனுமதி முடிவு வரும்வரை தொடரும், வேலைக்கும் போகலாம். சாதாரண விண்ணப்பத்துக்கு 8 வாரம் என்பது அரசு சொல்லும் கணக்கு, கூடவும் செய்யலாம். அவசரமானவர்கள் 1,000 பவுண்ட் கூடுதலாகக் கட்டி, கைரேகை கொடுத்த அடுத்த வேலை நாளில் முடிவு பெறும் சேவையைக் கேட்கலாம்.

ஆனால் முடிவு வரும்வரை பிரிட்டனை விட்டு வெளியே போகக் கூடாது. அயர்லாந்து போன்ற பொதுப் பயணப் பகுதியைத் தாண்டினால் விண்ணப்பத்தை நீங்களே திரும்பப் பெற்றதாகக் கருதிவிடுவார்கள். தங்கச்சி கல்யாணம், அப்பாவின் அறுபதாம் கல்யாணம் எல்லாம் இந்த நேரத்தில்தான் வரும். ஊர்ப் பயணத்தை அதற்கு முன்போ பின்போ வைத்துக்கொள்ளுங்கள்.

உறவு முறிந்தால் விசா என்ன ஆகும்?

எல்லா வீடும் ஒன்று போல் இல்லை. "நான் கையெழுத்து போட்டாத்தான் உனக்கு விசா" என்ற மிரட்டலுக்குப் பயந்து அடியையும் வசவையும் பொறுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். விசாவை ரத்து செய்யும் அதிகாரம் உள்துறைக்கு மட்டுமே உண்டு. கணவருக்கோ மனைவிக்கோ மாமியாருக்கோ கிடையாது.

ஸ்பவுஸ் விசாவில் இருப்பவரின் உறவு குடும்ப வன்முறையால் முறிந்தால், அவர் நேரடியாக நிரந்தர அனுமதிக்கே விண்ணப்பிக்கத் தனி வழி உண்டு. அதற்கு ஆங்கிலத் தேர்வோ வருமானக் கணக்கோ தேவையில்லை. அதற்கு முன்பு, அரசு உதவித்தொகை பெறும் உரிமையோடு 3 மாத இடைக்கால அனுமதி கேட்கவும் முடியும்.

பயோமெட்ரிக் அட்டை போய், விசா இப்போது முழுக்க ஆன்லைன் கணக்கில்தான் இருக்கிறது. அந்தக் கணக்கை அவரவர் சொந்த இமெயிலிலும் சொந்த போன் நம்பரிலும் வைத்திருப்பது நல்லது. பாஸ்போர்ட்டும் அவரவர் கையில் இருக்கட்டும். நல்லபடியாக இருக்கும் குடும்பத்திலும் இது நல்ல பழக்கம்தான். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் புதிய எண்ணை அந்தக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள்.

யாரிடம் உதவி கேட்பது?

சாதாரணமான கேஸ் என்றால் படிவத்தை நீங்களே நிரப்பிவிடலாம். வருமானம் குறைவு, இடையில் பிரிந்து வாழ்ந்தது, சேர்ந்து வாழ்ந்த ஆதாரம் போதாமை, பழைய நிராகரிப்பு போன்றவை இருந்தால் வழக்கறிஞரையோ பதிவு பெற்ற ஆலோசகரையோ பாருங்கள். விதிகள் பொருந்தாவிட்டாலும், பிள்ளைகள் இருப்பது போன்ற சூழ்நிலையில் 10 ஆண்டுப் பாதையில் அனுமதி கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் நிரந்தர அனுமதிக்கான காத்திருப்பு இரட்டிப்பாகும், செலவும் கூடும்.

பிரிட்டனில் பதிவு இல்லாமல் குடியேற்ற ஆலோசனை தருவது குற்றம். "ஃபார்ம் நாங்களே ஃபில் பண்ணித் தர்றோம், கவலையே படாதீங்க" என்று நம்ம ஊர்க்காரரே சொன்னாலும், அவர் பெயர் குடியேற்ற ஆலோசனை ஆணையத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள சான்றிதழ்களுக்கு, மொழிபெயர்ப்பாளரின் பெயர், தொடர்பு விவரம், கையெழுத்து, தேதியுடன் முழு மொழிபெயர்ப்பு வேண்டும். வீட்டில் இருப்பவர் எழுதித் தருவது போதாது.

சுருக்கமாக ஒரு காலக்கணக்கு

- வந்த முதல் மாதம்: ஜிபி பதிவு, பேங்க் கணக்கு, கவுன்சில் டாக்ஸில் பெயர் சேர்த்தல்.
- மூன்று மாதத்துக்கு ஒருமுறை: பில்களை இறக்கிச் சேமித்தல்.
- முடிவதற்கு 8 மாதம் முன்பு: யார் வருமானத்தைக் காட்டப் போகிறீர்கள் என்று முடிவெடுத்தல், வேலை மாற்றத்தை யோசித்தல்.
- 3 மாதம் முன்பு: ஏ2 தேர்வு அல்லது எக்டிஸ் சான்று, பாஸ்போர்ட் காலாவதித் தேதியைச் சரிபார்த்தல்.
- கடைசி 28 நாள்: புதிய பேஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட், நிறுவனக் கடிதத்துடன் விண்ணப்பம், கட்டணம்.

இரண்டு ஆண்டுகள் ஏற்கெனவே ஓடிவிட்டதா? இன்று இரவே வீட்டிலுள்ள பில்களை எடுத்து, எதில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஜிபியில் பதிந்த நாள், வங்கிக் கணக்கு தொடங்கிய கடிதம், வேலையில் சேர்ந்த கடிதம் என்று தேடினால், நினைத்ததைவிட அதிகமாகவே கிடைக்கலாம். இல்லாதவற்றை இந்த வாரமே பெயர் மாற்றத் தொடங்கினால், விண்ணப்பிக்கும் நாளுக்குள் சில மாதக் கடிதங்களாவது சேர்ந்திருக்கும்.